தலையில்லா மனு

சென்ற சனிக்கிழமை காலை லாபிஸ் பக்கமிருந்து வரும் இரயில் செடெனாக்கில் நின்று புறப்பட்ட கால் மணி நேரத்தில், அங்கப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. குடையை மடக்க மறந்திருந்தார்.

“வாத்தியாரம்மா, பாய் போயிட்டாருங்க.”

“எந்தப் பாய்?” என்று கேட்டேன். அங்கப்பனுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாய்தான் உண்டு. பட்டம் பெற்றவள் கேட்கக்கூடிய கேள்வியன்று.

“நம்ம மீரான் பாய்தான். நேத்துக் காலையில கடையைத் தொறந்தாரு. நெஞ்சை அடைக்குதுன்னாரு. சுடுதண்ணி கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. ஜும்மா தொழுகை ஆனதும் அடக்கம் பண்ணிட்டாங்க. அவங்க வழக்கம், போட்டு வெச்சிருக்க மாட்டாங்க. உங்களுக்கு ஆள் அனுப்ப நேரமில்லீங்க.”

ஆகவே நான் முகம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். ஏழு ஆண்டுகளாகச் செய்துவந்ததைத்தான் செய்திருப்பேன்: வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன்.

திங்கட்கிழமையன்று வார்ப்பட ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் வேலாயுதம் வந்தார். சங்க ஏட்டுக்கு நான் நினைவஞ்சலி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

“பெரியவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கம்மா. அமெரிக்கா போனது, அங்க சங்கத்துக்குத் தலைவரா இருந்தது எல்லாம் போடுங்க. அந்தப் பட்டியல் சமாச்சாரம் மட்டும் வேணாம். செத்தவரை எதுக்குச் சங்கடப்படுத்தணும்?”

“செத்தவருக்கு இனிமே சங்கடம் வராது, வேலாயுதம். வேற யாருக்காவது வரலாம்.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்திருக்க வேண்டும்.

இந்த ஏட்டைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்கள். பட்டியல் கதை உங்களுக்குத் தெரியும். மீரான் தம்மைக் காத்துக்கொள்வதற்காக, உங்களுள் மிகவும் அப்பாவியான அங்கப்பனின் பெயரை மனுவின் தலையில் எழுதினார், பின்னர் மனம் உறுத்தி உண்மையை ஒப்புக்கொண்டார் என்பது அந்தக் கதை. அதன் பிற்பகுதி பொய். முற்பகுதியும் பொய். பட்டியலை மீரான் எழுதவில்லை. அவருக்குத் தெரியாமல் அதை எழுதியவள் நான்.

இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தைகள் எழுத என்னால் இயலாது. இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முகம்மது மீரான் ஜொகூர் பாருவில் பிறந்தவர். தந்தையார் நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்து பலசரக்குக் கடை வைத்தவர். மகனுக்குக் கடையில் உட்காரும் பொறுமை இல்லை. சிங்கப்பூரில் கப்பலேறி, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தார். பெரும் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கரை இறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. நடந்தும் சரக்கு வண்டிகளில் தொற்றியும் உள்நாட்டில் ஓர் எஃகாலை நகரத்தை அடைந்து, உலைக்களத்தில் வேலைக்கு நின்றார்.

“கப்பல்ல கரி அள்ளுறது நரகம்மா. உலையில இரும்பு உருக்குறதும் நரகம்தான். ஆனா அது ஆடாத நரகம்,” என்பார்.

அங்கே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, முறை மாறும் நாளில், ஒரே மூச்சில் இருபத்து நான்கு மணி நேரம். எதிர்த்து இரகசியமாகச் சங்கம் கூடியது. அவருடைய உலைக்களத்துக் கிளைக்கு அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கறுத்த நிறமும் அரைகுறை ஆங்கிலமும் உள்ள ஒரு தமிழ் முஸ்லிமை வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் எப்படித் தலைவராக்கினார்கள் என்று நம்பாமல் கேட்டேன்.

“அங்க இருந்தவன் எல்லாம் ஒவ்வொரு நாட்டுக்காரன்மா. ஹங்கேரிக்காரனுக்குப் போலந்துக்காரனைப் பிடிக்காது. போலந்துக்காரனுக்கு இத்தாலிக்காரனைப் பிடிக்காது. என்னைப் பத்தி ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது. வெறுக்கக் காரணம் கிடைக்காம என்னைத் தலைவராக்கிட்டானுங்க.”

போர் முடிந்த மறு ஆண்டு அந்நாட்டு எஃகாலைகளில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் அவருடைய கிளையும் இறங்கியது. தோற்றது. எந்த ஆலையும் அவரை மறுபடி உள்ளே விடவில்லை. மீண்டும் கரி அள்ளிக்கொண்டே கடல் கடந்து ஊர் திரும்பினார். அந்தத் தோல்வியைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார். அதை அதற்குரிய இடத்தில் சொல்வேன்.

செடெனாக்கில் இரயில் பாதையை ஒட்டிய நமது வார்ப்பட ஆலை இரப்பர்த் தோட்டங்களுக்கு உருளைகளும் தள்ளுவண்டிச் சக்கரங்களும் வார்த்துக்கொண்டிருந்தது. மீரான் அங்கே உலையாளாகச் சேர்ந்தார். என் கணவர் ஆலை மருந்தகத்தில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்து காலமானவர். அவருக்குப் பின், ஆலைத் துரையிடம் அனுமதி பெற்று, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு கொட்டகையில் தொழிலாளர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வந்தேன். சென்னையில் பட்டம் பெற்ற நான் இரும்புக் கொட்டகையில் அரிச்சுவடி நடத்துவதைப் பெருந்தியாகமாகக் கருதிய காலம் அது.

மீரான் முதல் நாள் வந்தபோது பலகையில் உட்காரவில்லை. கதவோரம் நின்று கேட்டார்.

“எங்க ஆளுங்களுக்கு என்னம்மா சொல்லித் தர்றீங்க?”

“கையெழுத்துப் போட.”

“எதுல?”

“எதுலன்னா?”

“கையெழுத்துப் போடத் தெரிஞ்சவனுக்கு எதுல போடக்கூடாதுன்னும் தெரியணுமே. அந்தப் பாடம் எப்ப?”

வகுப்பு சிரித்தது. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். பிறகு அவர் வராத ஞாயிறுகளில் நான் எரிச்சலோடு பாடம் நடத்தினேன்.

விலைவாசி வீழ்ச்சியில் தோட்டங்கள் மூடப்பட்டு, கப்பல் கப்பலாக ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஆண்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஆலையின் கூரை ஒழுகியது. ஒழுகும் கூரை வேறிடத்தில் ஒரு தொல்லை. வார்ப்படக் கூடத்தில் அது கொலை. உருகிய இரும்பை ஊற்றும் மணல் அச்சு நனைந்திருந்தால், நீர் ஒரு நொடியில் ஆவியாகி, இரும்பு வெடித்துத் தெறிக்கும். மழைக்காலத்தில் அப்படித்தான் ஒரு நாள் தெறித்தது. வெறுங்காலோடு வாளி சுமந்து நின்ற இருவருக்கு முழங்கால்வரை வெந்துபோயிற்று. மறுநாளும் மழை, மறுநாளும் ஊற்றச் சொன்னார்கள்.

மீரான் மனு எழுதச் சொல்லி வந்தார். மூன்றே கோரிக்கைகள்: கூரையைப் பழுதுபார்க்க வேண்டும், மணல் ஈரமாக இருந்தால் ஊற்றச் சொல்லக்கூடாது, வாளி சுமப்பவர்களுக்குத் தோல் காலணி தர வேண்டும். ஆங்கிலத்தில் நான் எழுதிக்கொடுத்தது நல்ல மனு. அதில் இன்றும் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். பிழை மனுவில் இல்லை. அதன் அடியில் இருந்தது.

அந்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் மீரான் ஒரு பெரிய காகிதத்தை விரித்தார். நடுவே ஒன்றும் இல்லை. சுற்றிலும் வட்டமாகக் கட்டைவிரல் ரேகைகள். மை கிடைக்காமல், அச்சு மணலுக்குப் பூசும் கரிப்பொடியை எண்ணெயில் குழைத்துத் தொட்டு வைத்திருந்தார்கள். நாற்பத்தோரு ரேகைகள் இருந்தன. இன்னும் ஒருவருக்குத்தான் இடம் பாக்கி. அந்த ஒருவர் அங்கப்பன். வாரம் முழுவதும் மறுத்துவந்தவர்.

“பாய், எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. கப்பல் ஏத்திட்டாங்கன்னா அதுங்க எங்க போகும்?”

“யாருடா உன்னைக் கப்பல் ஏத்துறது? இதுல உன் பேரு எங்க இருக்கு, காட்டு.”

“துரை பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தா?”

“பாக்கட்டும். உன் விரல்ல இருக்கிற கரியைப் பாத்துட்டு, இந்த மனுசனுக்கு ஒரு சவுக்காரம் குடுங்கன்னு உத்தரவு போடுவாரு.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அங்கப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, நான் கடைசியா வெக்கிறேன்.”

“வட்டத்துல கடைசி ஏதுடா? நான்தான் முதல்ல வெச்சேன். நீ இப்ப எனக்குப் பக்கத்துல வெக்கிற. அவ்வளவுதான்.”

அங்கப்பன் வைத்தார். வட்டம் மூடிக்கொண்டது.

என் முகம் சுருங்கியிருந்ததை மீரான் கவனித்துவிட்டார்.

“என்னம்மா?”

“ரெண்டு வருஷமா இவங்களுக்குக் கையெழுத்துச் சொல்லித் தந்திருக்கேன். எல்லாரும் கைநாட்டு வெச்சிருக்காங்க. உங்களுக்கு இங்கிலீஷ்லயே கையெழுத்து வரும். நீங்களுமா?”

“எல்லாருதும் ஒரே மாதிரி இருக்கணும்மா. இது கப்பல்காரங்க வழக்கம். கேப்டன்கிட்ட குறை சொல்றப்ப வட்டமாத்தான் போடுவாங்க. முதல்ல யாரு, கடைசி யாருன்னு அவனுக்குத் தெரியக்கூடாது. அமெரிக்காவுல ஒரு தடவை வரிசையா எழுதிக் குடுத்தோம். முதல் பேருக்காரன் மறுநாள் வேலையில இல்ல.”

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். கேட்டுவிட்டு, அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று முடிவு செய்தேன். இதை நான் மறந்துவிட்டதாகவோ புரியாமல் செய்ததாகவோ ஒருவரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

வீட்டுக்கு வந்து மனுவைத் தட்டச்சுப்பொறியில் படியெடுத்தேன். அந்த அழகான மூன்று பத்திகளுக்குக் கீழே கரி அப்பிய அந்தக் காகிதத்தைச் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. துரை சிரிப்பார், எழுத்தறியாக் கூட்டம் என்பார், எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் என்ன செய்தாள் என்று கேட்பார் என்றெல்லாம் எண்ணினேன். அவர் சிரிப்பது என்னைப் பார்த்தாக இருக்கும் என்பதே என் கவலையாக இருந்தது. வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்தேன். பதிவேட்டில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருந்தன. நான் படித்த கல்லூரியில் அப்படித்தான் வைப்பார்கள். நாற்பத்திரண்டு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டச்சு செய்தேன். வட்டக் காகிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். உறையை ஒட்டி மீரானிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. படித்தவள் ஒட்டிய உறை அல்லவா?

அகரவரிசையில் முதலில் வந்த பெயர் அங்கப்பன்.

செவ்வாய்க்கிழமை காலை துரை அந்தத் தாளை மேசைமேல் வைத்து, “இந்தக் கும்பலுக்குத் தலை யார்?” என்று கேட்டாராம். விடையை எதிர்பார்க்காமலே முதல் பெயர்மேல் விரலை வைத்தாராம். அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி பிற்பாடு சொன்னது. அங்கப்பனை உலைக்களத்திலிருந்து நேரே அழைத்துப்போய்க் காவல்நிலையத்தில் அடைத்தார்கள். அடுத்த கப்பலில் குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். கட்டைவிரல் வைக்கவே ஒரு வாரம் தயங்கிய மனிதர். அவரைக் கலகத் தலைவர் என்றார்கள்.

புதன்கிழமை மீரான் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“வாத்தியாரம்மா, அந்த வட்டக் காகிதம் எங்க?”

மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் திட்டியிருக்கலாம். இன்றுவரை அந்த வசவுக்காகக் காத்திருக்கிறேன்.

“நாப்பத்திரண்டு பேருல ரொம்பப் பயந்தவன் அவன்தாம்மா,” என்றார்.

“நான் துரைகிட்ட வந்து சொல்றேன். பட்டியல் என்னோடது, வரிசைக்கு அர்த்தம் ஒண்ணுமில்லன்னு சொல்றேன்.”

“சொன்னா? உங்களையும் வெளியே அனுப்புவாங்க, கொட்டகையையும் மூடுவாங்க. அங்கப்பனை மட்டும் விட்டுடுவாங்களா? அவங்களுக்கு ஒரு தலை வேணும். நான் போய்த் தலையைக் காட்டுறேன். என்னைக் கப்பல் ஏத்த முடியாது. நான் இந்த மண்ணுல பொறந்தவன், எங்க அனுப்புவாங்க?”

“ஆளுங்க கேட்டா?”

“வட்டத்தைப் பாத்து துரை சிரிப்பாருன்னு நான்தான் பட்டியலாக் குடுத்தேன்னு சொல்லிக்கிறேன்.”

நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட காரணத்தை, நான் சொல்லாமலே எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார்.

“அவங்க உங்களைத்தான் தப்பா நினைப்பாங்க, மீரான்.”

“நினைக்கட்டும். கொஞ்ச நாள்தானே. நான் போனா இன்னொரு ஆளு வருவான்மா. உங்க பேனா போனா அடுத்த மனுவை யாரு எழுதுவா? அந்தக் கிராணியா? அதை எரிச்சிடுங்க.”

காகிதத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனார். நான் எரிக்கவில்லை. மாணவரின் விடைத்தாளை எரிக்க ஆசிரியைகளுக்கு மனம் வராது. அதற்கு மேல் உயர்ந்த காரணம் எதுவும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

அன்று மாலையே அங்கப்பன் விடுதலையானார். மீரான் சிறைக்குப் போனார். அடுத்த மழைக்காலத்துக்கு முன் நிருவாகம் கூரையை மாற்றியது. தோல் காலணியும் கொடுத்தது. மனுவைக் கண்டு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இன்று நீங்கள் காலில் மாட்டிக்கொண்டு உலையடியில் நிற்கிறீர்களே, அது அந்த மனுவின் மூன்றாம் பத்தி.

சிறையிலிருந்து வந்தவரை எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. லாபிஸ் நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடை போட்டார். அங்கப்பன் வெந்த மனத்தோடு போய்ச் சண்டை பிடித்தாராம். பிறகு அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டார். “மாட்டிவிட்டவரும் அவரே, மீட்டவரும் அவரே. கணக்கு சரி,” என்று என்னிடம் விளக்கினார். கணக்கு சரியில்லை என்று சொல்ல வேண்டியவள் தலையாட்டினேன்.

மீரான் எதிர்பார்த்த அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. தொழிலாளர்கள் மறப்பார்கள் என்று அவர் கணக்கிட்டது தவறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், நாடெங்கும் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலைநிறுத்தம் நடந்தபோது, நீங்கள் இந்தச் சங்கத்தைத் தொடங்கக் கோவில் திடலில் கூடினீர்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டீர்கள். மீரான் காலை இரயிலில் வந்து, பின்னால் நின்றார். அமெரிக்காவில் ஒரு கிளையை நடத்திய மனிதர். அவ்வளவு பேரில் சங்கம் என்றால் என்னவென்று பட்டறிந்தவர் அவர் ஒருவரே. பேச வேண்டும் என்று கையை உயர்த்தினார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பாயி, இந்தத் தடவை யாரு பேரை முதல்ல போடப்போறீங்க?”

திடல் முழுவதும் சிரிப்பு. மீரானும் சிரித்தார்.

“உன் பேரைத்தான். வா, இங்கிட்டு வந்து நில்லு.”

“அலமாக்! வேணாம் பாயி, எனக்குக் கல்யாணம் ஆவணும்!”

இன்னும் பெரிய சிரிப்பு. அவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். பிறகு அவரைப் பேசச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அப்போது கொட்டகை போனால் போகட்டும் என்ற நிலைதான். நான் ஓய்வுபெறும் வயதைக் கடந்துவிட்டிருந்தேன். காக்க வேண்டியதென்று எனக்கு ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது: நான் நடந்து வந்தால் நீங்கள் எழுந்து நிற்பீர்களே, அது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு வில்லைகளையும் நன்றாகத் துடைத்தேன். மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது பின்வரிசையில் அவர் இல்லை.

முதல் தவறு அகந்தையால் நேர்ந்தது. அதை ஒருவாறு மன்னிக்கலாம். இந்த இரண்டாவதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

அதற்குப் பின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை லாபிஸுக்குப் போய்வந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாக நினைத்துக்கொண்டு கிளம்புவேன். தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவேன். கடையில் அங்கப்பனின் வாய் ஓயாது.

“பாத்தீங்களா வாத்தியாரம்மா? மனுவுல என் பேரை முதல்ல போட்டவரு, பசியாறுறதுக்கு மட்டும் என்னைக் கடைசியாத்தான் கூப்பிடுறாரு!”

“அப்பவே நீ கடைசியா வெக்கிறேன்னுதானடா சொன்ன? உன் ஆசைப்படியே நடக்குது. ரொட்டியைத் திருப்பு, கருகுது.”

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். மீரான் என் பக்கம் பார்க்கமாட்டார். பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாகப் போனது மூன்று மாதங்களுக்கு முன். இருமல் அதிகமாயிருந்தது, உலைத்தூசி நெஞ்சில் படிந்தவர்களுக்கு வரும் இருமல். அங்கப்பன் விறகு எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தார்.

“இன்னைக்குச் சொல்லிடறேன், மீரான். அங்கப்பன் வரட்டும்.”

“இப்ப எதுக்கும்மா? டீ ஆறுது.”

“உங்களுக்குக் கோபமே வராதா?”

அப்போதுதான் அந்த ஒரே முறை அமெரிக்கத் தோல்வியைப் பற்றிச் சொன்னார்.

“அங்க நாங்க போலீசுகிட்ட தோக்கலம்மா. குளிர்லயும் தோக்கல. வேலைக்குத் திரும்பினப்புறம் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு, காட்டிக்குடுத்தது நீயா நீயான்னு கேட்டோம். ஆறு மாசம் அதையே கேட்டோம். அதுலதான் சங்கம் செத்துச்சு. இங்க அந்தக் கேள்வி வந்தப்ப, யாராச்சும் ஒருத்தன் நான்தான்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சிடும்னு தோணுச்சு. சொன்னேன், முடிஞ்சிது. உங்க சங்கம் நல்லாத்தானே நடக்குது?”

அங்கப்பன் விறகோடு வந்துவிட்டார். நான் தேநீரைக் குடித்தேன், ஆறித்தான் போயிருந்தது.

நேற்று, இந்தக் கட்டுரையை வேலாயுதத்திடம் கொடுப்பதற்கு முன், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு லாபிஸுக்குப் போனேன். அங்கப்பன் அச்சில் படித்து அறியக்கூடாது என்று எண்ணினேன். கடையில் பாதிப் பலகைகள் சாத்தியிருந்தன. அடுப்பு எரியவில்லை. அவரை எதிரே உட்காரவைத்து, மேலே எழுதியுள்ளதையெல்லாம் சொன்னேன்.

என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குளிர்ந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தினம் சொல்லிக் காட்டினேனேம்மா,” என்றார். “ஒரு நாள் விட்டதில்ல. சாகுறதுக்கு முத நாளு கூடச் சொன்னேன். சிரிச்சாரு. ஒரு வார்த்தை வாயைத் தொறந்திருக்கலாம்ல அந்த மனுசன்?”

ஏழு ஆண்டுகள் நான் சுமந்ததில் பாதியை எடுத்து, ஒரு பாவமும் அறியாத அவர் தோளில் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் சொன்னவருக்குத்தான் பாரம் குறைகிறது. அதைக்கூட நான் காலம் தாழ்த்திச் செய்ததால், கேட்க வேண்டியவரிடமிருந்து அவருக்கு ஒரு பதிலும் இனிக் கிடைக்காது. இதற்கும் நானே பொறுப்பு.

“உங்க மேல தப்பில்ல, அங்கப்பன்.”

“அதை நீங்க சொல்லாதீங்க,” என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். நான் வாயை மூடிக்கொண்டேன். இம்முறை அது சரியான காரியம்.

சிறிது நேரம் கழித்து, காகிதத்தைக் கொடுங்கள் என்று கை நீட்டினார். மேசைத் துணியை விலக்கி, ஈரத்தைத் துடைத்து, விரித்தார். மடிப்புகளில் பழுத்திருந்தாலும் கரி மங்கவில்லை.

“இதுல எது என்னோடது?”

“உங்களுக்குத் தெரியலையா?”

“பாயோடதுக்குப் பக்கத்துல. அவரு முதல்ல வெச்சாரு, நான் கடைசியா வெச்சேன்.”

“பாயோடது எது?”

அவர் காகிதத்தை மெல்லத் திருப்பினார். தம் கட்டைவிரலை ஒவ்வொரு ரேகைக்கும் அருகில் வைத்து வைத்துப் பார்த்தார். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன். சதுரமான மேசைமேல் அந்த வட்டம் ஒரு முறை சுற்றி வந்தது. இன்னொரு முறை சுற்றி வந்தது. நாற்பத்திரண்டும் கறுப்பு. நாற்பத்திரண்டுக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார்.

“தெரியலீங்க,” என்றார். பின்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார், “நல்லாத்தான் வெச்சிருக்காரு.”

மீரான், உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதை நீங்கள் இல்லாத இடத்தில் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எரிக்கச் சொன்ன காகிதம் இப்போது அங்கப்பனிடம் இருக்கிறது. அதில் ஒரு கோட்டைக்கூட நான் திருத்தவில்லை. நிம்மதியாகப் போய்ச் சேருங்கள்.